கண்ணளவில் நிறுக்கப்படும் உடல்: தென்சென்னைக் குடும்ப வைத்தியமும் எடைசார்ந்த பக்ஷபாதமும்

1. கேள்வி

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் மாலை வேளைகளில் திறக்கும் குடும்ப வைத்தியர்களின் சிறு கிளினிக்குகளுக்குப் பருத்த சரீரமுடைய ஒருவர் முழங்கால் வலியைச் சொல்லிக்கொண்டு போனாலும் சரி, மூச்சிரைப்பைச் சொல்லிக்கொண்டு போனாலும் சரி, மாதவிலக்குத் தவறியதைச் சொல்லிக்கொண்டு போனாலும் சரி, சீட்டில் எழுதப்படும் மருந்துகள் வேறுபடுமேயன்றிக் காதில் விழும் உபதேசம் வேறுபடுவதில்லை. "முதல்ல வெயிட்டைக் குறைங்க, எல்லாம் தானா சரியாயிடும்" என்பதே அந்த உபதேசம். பல சமயங்களில் அது உண்மையும் கூட. ஆகையால் அதை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நோயாளியைத் தொட்டுச் சோதித்த பின்னர் வைத்தியர் வந்தடைந்த நிர்ணயமாக அது சொல்லப்படுகிறதா, அல்லது சோதிக்கும் சிரமத்தையே தேவையற்றதாக்கிவிடும் முன்தீர்ப்பாகச் சொல்லப்படுகிறதா என்பதே இங்கு விசாரணைக்கு எடுத்துக்கொண்ட விஷயம்.

பருத்தவர் சோம்பேறி, நாவை அடக்கத் தெரியாதவர், சொன்ன சொல் கேளாதவர் என்ற அபிப்பிராயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அவரை நடத்துவதையே ஆராய்ச்சியாளர் எடைசார்ந்த பக்ஷபாதம் என்கின்றனர். அதைப் பற்றி மேனாட்டில் சேர்ந்துள்ள சான்றுகளை முதலில் நிறுத்துப் பார்த்து, அவற்றில் எவை நம் ஊருக்குப் பொருந்தும் என்று ஆராய்ந்து, பிறகு இவ்வூருக்கே உரிய காரணங்களையும் விளைவுகளையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் முறை.

2. மேனாட்டுச் சான்றுகள்

இத்துறையில் அடிக்கடி மேற்கோளாகக் காட்டப்படுவது, ஃபாஸ்டரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. தபாலில் அனுப்பப்பட்ட வினாக்களுக்கு விடை எழுதிய 620 முதல்நிலை வைத்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர், பருத்த நோயாளிகளை அவலட்சணமானவர்கள் என்றும் சிகிச்சைக்கு ஒத்துழையாதவர்கள் என்றும் கருதுவதாகத் தாமே எழுத்தில் தந்தனர். வாய்விட்டுச் சொல்லத் துணியாத எண்ணங்களையும் அளக்கும் மறைமுகச் சோதனை ஒன்றை இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவர்களிடம் நடத்திச் சாபின் குழுவினர் 2012-இல் வெளியிட்ட முடிவு இன்னும் கவனிக்கத்தக்கது: பெண் வைத்தியர்களிடம் இந்த வெறுப்பு ஆண்களைக் காட்டிலும் சற்றுக் குறைவாயினும், மொத்தத்தில் அது சாதாரண ஜனங்களிடம் காணப்படும் அளவுக்குச் சமமாகவே இருந்தது. மருத்துவக் கல்வி நோயின் காரணங்களைக் கற்பித்ததே தவிர, கற்பவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த அபிப்பிராயத்தை அசைக்கவில்லை என்பது இதன் பொருள்.

அபிப்பிராயம் நடத்தையாக மாறுகிறதா என்பது அடுத்த கேள்வி. இங்கே சான்றுகள் ஒரே திசையில் செல்லவில்லை. ஹூஸ்டன் நகர மருத்துவர் 122 பேரிடம், ஒற்றைத் தலைவலியோடு வந்த நோயாளி ஒருவரின் குறிப்பை, எடையை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்து 2001-இல் ஹெப்ல், ஷூ ஆகிய இருவரும் செய்த ஆய்வில், சராசரி எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 31 நிமிடம் ஒதுக்குவோம் என்ற வைத்தியர்கள், பருத்தவருக்கு 22 நிமிடமே ஒதுக்குவோம் என்றனர். ஆனால் காகிதத்தில் சொன்ன விடையை விட்டுவிட்டு, மெய்யான சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த குட்சூன் குழுவினர், 39 வைத்தியர்களுக்கும் 208 நோயாளிகளுக்கும் இடையே நிகழ்ந்த சம்பாஷணைகளில், மருத்துவ விஷயங்களைப் பேசிய அளவில் வேறுபாடு காணவில்லை. பரிவும் அனுதாபமும் தோன்றும் சொற்களே பருத்தவரிடம் குறைவாகப் பேசப்பட்டதாக 2013-இல் எழுதினர். முன்னது வைத்தியரின் உத்தேசத்தையும் பின்னது அவருடைய செய்கையையும் அளக்கின்றன. ஆகவே பின்னதற்கே அதிக மதிப்புத் தரவேண்டும். அப்படித் தரும்போது, குறைவது கடிகாரம் காட்டும் நேரம் என்று சொல்வதைவிட, நோயாளியை ஒரு மனிதராக மதித்துக் கேட்கும் ஈடுபாடு என்று சொல்வதே பொருந்தும்.

இவ்விடத்தில் நம் ஊருக்கும் அவ்வூருக்கும் உள்ள தூரத்தை நினைவில் கொள்ள வேண்டும். 67 நாடுகளில் முதல்நிலை வைத்தியர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வுரையில் ஸ்வீடன் 22 நிமிடத்துக்கு மேலும், வங்காளதேசம் 48 வினாடியுமாக இரு முனைகளில் நின்றன. இந்தியாவின் கணக்கு இரண்டு நிமிடத்தை ஒட்டியது. இரண்டு நிமிடத்தில் குறைப்பதற்கு அதிகமில்லை. ஆகவே இங்கே பக்ஷபாதம் நேரத்தைச் சுருக்குவதில் வெளிப்படாமல், கிடைத்த இரண்டு நிமிடத்தில் எந்தக் கேள்வி கேட்கப்படாமல் போகிறது என்பதிலேயே வெளிப்படும். அதைத் தேட வேண்டிய இடமும் அதுவே.

3. சென்னையின் உடல்

வைத்தியரின் பக்கத்து நியாயத்தை முதலில் கூறிவிடுவது முறை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, உடல் நிறை குறியீடு 25-ஐ எட்டிய அல்லது தாண்டிய பெண்கள் தமிழ்நாட்டில் 2015-16-இல் 30.9 சதவீதமாக இருந்து 2019-21-இல் 40.4 சதவீதமாக உயர்ந்தனர், ஆண்கள் 28.2-இலிருந்து 37 சதவீதத்துக்கு வந்தனர். அதே காலத்தில் இந்தியா முழுமைக்கும் பெண்களின் விகிதம் 24 சதவீதமே. சென்னை நகரத்தை மட்டும் ஆராய்ந்த 'க்யூர்ஸ்' ஆய்வு, ஆசிய அளவுகோலைக் கொண்டு 2009-இல் வெளியிட்ட கட்டுரையில், நகரத்து வயது வந்தோரில் 45.9 சதவீதத்தினரைப் பருத்தவர் வரிசையில் சேர்த்தது. வயிற்றுப் பருமன் பெண்களில் 56.2, ஆண்களில் 35.1 சதவீதம் என்றும் கணக்கிட்டது.

இவ்வெண்களுக்கு மற்றொரு காரணமும் சேர்கிறது. நம்மவருடைய சரீரம் குறைந்த எடையிலேயே அதிகக் கொழுப்பைத் தாங்கும் இயல்புடையது. சர்க்கரை நோய் ஐரோப்பியரைக் காட்டிலும் இளவயதிலும் மெலிந்த உடலிலும் நம்மைப் பிடிக்கிறது. அதனாலேயே 2009-இல் இந்திய மருத்துவ நிபுணர்கள் கூடி, 23-ஐ மிகை எடையின் தொடக்கமாகவும் 25-ஐப் பருமனின் தொடக்கமாகவும் வகுத்தனர். இடுப்புச் சுற்றளவில் ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை என்றனர். ராயபுரத்தில் சர்க்கரை நோய்க்கென்றே 1954-இல் ஆஸ்பத்திரி அமைத்த டாக்டர் எம். விசுவநாதன் காலந்தொட்டு, இந்நோயைப் பற்றிய இந்திய ஆராய்ச்சியின் தலைநகரமாகச் சென்னை விளங்கி வருகிறது. அந்த ஞானத்தின் நடுவே தொழில் செய்யும் குடும்ப வைத்தியர், பருமனைக் கண்டு கவலைப்படுவதில் அதிசயமில்லை. கவலை நியாயமானது என்பதை ஒப்புக்கொண்ட பிறகே, அந்தக் கவலை எந்த உருவில் வெளிவருகிறது என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டாகிறது.

4. உரிமையோடு திட்டுதல்

மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய ஒரு கிளினிக்கில் கேட்கக்கூடிய சம்பாஷணை இது. இவ்வூரில் பழகியவர் எவரும் இதன் ஏதேனும் ஒரு பாடபேதத்தைக் கேட்டிருப்பார்கள்.

"என்ன மாமி, தீபாவளி பட்சணமெல்லாம் உடம்புல நன்னா சேர்ந்திருக்கு போலிருக்கே?"

"இல்லே டாக்டர், மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கறது. சாயங்காலம் ஆனா கை கால் ஓஞ்சு போறது."

"வாங்காம என்ன பண்ணும்? சாதத்தைக் குறையுங்கோ. நாகேஸ்வர ராவ் பார்க்கில் தினம் நாலு சுத்து சுத்துங்கோ."

காத்திருக்கும் பெஞ்சில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். மாமியும் சேர்ந்து சிரிப்பார். இதில் அவமதிப்பு எங்கே இருக்கிறது என்று இருவருமே கேட்கக்கூடும். மாமியின் மாமனாருக்கு வைத்தியம் பார்த்தவர் இவருடைய தகப்பனார். மாமியின் பிள்ளைக்கு அம்மை கண்டபோது வீட்டுக்கே வந்து பார்த்தவர் இவர். திட்டுவது பாத்தியதையின் அடையாளம், திட்டாமல் மருந்து மட்டும் எழுதுகிறவர் அன்னியர் என்பது நம்மவருடைய உலக வழக்கு. மேனாட்டு ஆய்வுகள் வைத்தியரின் அலட்சியத்தை அவர் விலகி நிற்பதில் கண்டன. நம் ஊரிலோ அது நெருங்கி வந்து தோளில் தட்டுகிறது. இங்குள்ள பக்ஷபாதத்தைக் கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்கு இதுவே தலையாய காரணம்.

ஆனால் மேற்படி சம்பாஷணையில் நடக்காமற்போன காரியம் ஒன்று உண்டு. மூச்சிரைப்பும் அயர்ச்சியும் இரத்த சோகையின் பால பாடங்கள். கீழ் இமையைச் சற்றே இழுத்து உட்புறம் வெளிறியிருக்கிறதா என்று பார்க்க ஐந்து வினாடி போதும். மாதவிலக்கில் அதிகப் போக்கு உண்டா என்று கேட்க இன்னும் ஐந்து வினாடி. மேலே சொன்ன அதே 2019-21 கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதத்தினர் இரத்த சோகை உடையவர்கள் என்கிறது. நூற்றுக்கு நாற்பது பேர் பருமனாகவும் நூற்றுக்கு ஐம்பத்து மூன்று பேர் சோகையுடனும் உள்ள ஒரு மாநிலத்துப் பெண்களில், இவ்விரு கூட்டங்களும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் என்று எண்ண எந்த நியாயமும் இல்லை. எனினும் பருத்த உடல் போஷாக்கு மிகுந்த உடல் என்று கண் சொல்லிவிடுவதால், கை இமைக்குச் செல்வதில்லை. வேடிக்கைப் பேச்சு ஒரு பெண்ணின் மனத்தைப் புண்படுத்தியதா என்ற கேள்வியைவிட, அந்த வேடிக்கை ஒரு சோதனையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதே வைத்திய தர்மத்தின்படி பெரிய குற்றம்.

இந்தக் கண்ணளவுக்குப் பின்னே நெடிய பரம்பரை உண்டு. சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் இருபத்தோராம் அத்தியாயம், நிந்தைக்கு இலக்காகும் எண்வகை உடலினரை எண்ணும்போது, மிகப் பருத்தவரையும் மிக மெலிந்தவரையும் சேர்த்தே எண்ணுகிறது. ஆனால் அதே அத்தியாயம் பருமனுக்குக் காரணம் கூறுகையில், மிகை உணவையும் பகல் உறக்கத்தையும் உழைப்பின்மையையும் சொல்லி நிறுத்திவிடாமல், பீஜ சுபாவத்தையும், அதாவது பிறவியில் வந்த இயல்பையும் காரணங்களுள் ஒன்றாக வைத்தது. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்து, அவர்களுடைய பருமன் பெற்றோரை ஒத்திருக்கிறதே தவிர வளர்த்தோரை ஒத்திருக்கவில்லை என்று ஸ்டங்கார்ட் 1986-இல் காட்டியது, அப்பழைய நூலின் ஒரு சொல்லுக்குக் கிடைத்த தாமதமான சாட்சியம் எனலாம். நம் சமூகம் நிந்தையை மட்டும் மரபாகப் பெற்றுக்கொண்டு, பீஜ சுபாவத்தை மறந்துவிட்டது. பருத்த நகைச்சுவை நடிகர்களான உசிலைமணியும் பிந்து கோஷும் திரையில் தோன்றிய மாத்திரத்திலேயே, ஒரு வசனமும் பேசுமுன், கொட்டகை சிரிப்பதற்குத் தயாராக இருந்தது. அக்கொட்டகையில் அமர்ந்திருந்தவர்களுள் பிற்காலத்து வைத்தியர்களும் இருந்தனர்.

நிந்தை எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதுமில்லை. நடுவயது ஆணின் தொந்தியை வைத்தியர் 'செல்வத் தொந்தி' என்று வேடிக்கை செய்து விட்டுவிடுவார்; மாதவிலக்கு ஒழுங்கின்றி அடையாற்றுக் கிளினிக்குக்குத் தாயாருடன் வரும் இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடம், "கல்யாணத்துக்கு முன்னாடி பத்து கிலோ குறைச்சுடணும்மா" என்பார். சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறே எடையைக் கூட்டும் தன்மையது என்பதும், தைராய்டைச் சோதிக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாதவையல்ல. தெரிந்ததைச் சொல்வதற்கு முன் கல்யாணம் வாயில் வந்துவிடுகிறது. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் காலை முதல் இரவு வரை நின்றபடியே துணி எடுத்துக் காட்டும் பெண்ணிடம், "உடம்பு அசையறதே இல்லை, அதான் போடுது" என்று சொல்வது இன்னும் விபரீதம். அத்தகைய ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதற்கே 2021-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. இரவு பத்து மணிக்குமேல் விடுதிக்குத் திரும்பிக் கிடைத்ததை உண்டு உறங்கும் ஒருத்தியின் எடைக்குச் சோம்பலைக் காரணமாக்குவது, அவளுடைய நாளைப் பற்றி ஒரு கேள்வியும் கேளாமல் வந்த முடிவு.

5. உபகரணங்களும் மருந்துச் சீட்டும்

பக்ஷபாதம் வைத்தியரின் வாக்கில் மட்டும் குடியிருப்பதில்லை. மேஜைமீது உள்ள உபகரணங்களிலும் குடியிருக்கிறது. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை அதற்குத் தெளிவான உதாரணம். பல கிளினிக்குகளில் உள்ளது ஒரே அளவுப் பட்டை. மேற்கையின் சுற்றளவு 34 சென்டிமீட்டரைத் தாண்டியவருக்கு அதைச் சுற்றினால், ஒட்டும் முனை பிடிக்காமல் விலகும். காற்று ஏற ஏறப் படபடவென்று பிரியும். உதவியாளர் தம் உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள, வைத்தியர் அளவைக் குறிப்பார். பால்டிமோரில் 195 பேரைக் கொண்டு நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு, மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையால் அளந்தபோது மேல் அழுத்தம் சராசரியாக 19.5 புள்ளி மிகையாகக் காட்டியது என்று கண்டது. 125 உள்ளவரை 144 என்று எழுதி, வாழ்நாள் முழுவதும் மாத்திரை விழுங்கச் செய்வதற்கு இந்த வித்தியாசம் போதும். பெரிய பட்டையின் விலை ஒரு கிளினிக்குக்குப் பெருஞ்செலவன்று. அது வாங்கப்படாமல் இருப்பதற்குக் காரணம், கை பட்டைக்கு ஏற்றதாக இருக்கவேண்டுமே தவிர, பட்டை கைக்கு ஏற்றதாக இருக்கவேண்டியதில்லை என்ற, எவரும் வாய்விட்டுச் சொல்லாத எண்ணமே.

எடை பார்க்கும் மிஷின் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. டோக்கன் கொடுக்கும் மேஜைக்கு அருகில், பெஞ்சில் இருப்பவர்கள் எல்லோருக்கும் எதிரே நோயாளியை ஏற்றி நிறுத்தி, "தொண்ணூத்தி நாலு" என்று உதவியாளர் உள்ளே கேட்கும்படி உரக்கச் சொல்வது பல இடங்களில் வழக்கம். காய்ச்சலுக்கு வந்தவர் தம் எடையைச் சபையில் அறிவிக்கும்படி கேட்கவில்லை. அடுத்த முறை காய்ச்சல் வந்தால் அவர் மருந்துக்கடையிலேயே ஒரு பாரசிட்டமால் பட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவருடைய சர்க்கரையும் கொழுப்பும் சோதிக்கப்படாமலே இருந்துவிடும்.

இவற்றிலும் நுட்பமானது மருந்துச் சீட்டின் முரண்பாடு. சர்க்கரை நோய்க்கு மிகப் பரவலாக எழுதப்படும் கிளிமிப்பிரைடும் இன்சுலினும் எடையைக் கூட்டும் குணமுடையவை. நரம்பு வலிக்கும் உறக்கமின்மைக்கும் தரும் அமிட்ரிப்டிலின், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், மனநோய்க்குத் தரும் ஒலான்சபின், மூட்டு வாதத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் தரும் பிரெட்னிசலோன் ஆகியவையும் அத்தன்மையனவே. இம்மருந்துகளை எழுதுவது தவறன்று; சிலருக்கு அவையின்றி வழியில்லை. ஆனால் தாம் எழுதிய மாத்திரையால் ஏறிய மூன்று கிலோவுக்கு மறுமுறை நோயாளியின் நாக்கைக் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. சீட்டைப் புரட்டி, இதில் எடை கூட்டும் மருந்து உண்டா, அதற்கு மாற்று உண்டா என்று பார்ப்பது, வைத்தியர் ஒருவரே செய்யக்கூடிய, நோயாளி ஒருபோதும் செய்ய இயலாத காரியம்.

6. மெலிந்தவருக்கு நேரும் அநியாயம்

இதுவரை சொன்னவற்றால் பருத்தவர் மட்டுமே நஷ்டமடைகிறார் என்று தோன்றலாம். கண்ணளவின் மறுமுனை மெலிந்தவரைத் தாக்குகிறது என்பதை நம் ஊரில் தனியே வற்புறுத்த வேண்டும். பூனா நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் அவருடைய ஆங்கிலேய சகா யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவருடைய புகைப்படத்தையே சான்றாக வெளியிட்டனர். இருவரின் உடல் நிறை குறியீடும் ஒன்றே, 22.3. ஆனால் உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசு இருவரையும் ஒரே தட்டில் வைத்தது; உள்ளே இருந்த நிலைமை வேறு.

இந்தப் புகைப்படத்தின் பாடத்தைத் தென்சென்னைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தால், கை கால் மெலிந்து, சட்டைக்குள் சிறு தொந்தியை மறைத்துக்கொண்டு, தகப்பனாருக்கும் சர்க்கரை இருந்த நாற்பது வயது வங்கி ஊழியரைப் பார்த்து, "உங்களுக்கென்ன சார், கச்சிதமா இருக்கீங்க" என்று வைத்தியர் சொல்லி அனுப்பும் காட்சி நினைவுக்கு வரும். பருத்தவரிடம் கேட்காமலே குற்றத்தைக் கண்ட அதே கண், மெலிந்தவரிடம் கேட்காமலே ஆரோக்கியத்தைக் காண்கிறது. முன்னவருக்கு எடையைத் தவிர வேறு நோய் தேடப்படுவதில்லை. பின்னவருக்கு எந்த நோயுமே தேடப்படுவதில்லை. ஆகையால் இந்தப் பக்ஷபாதத்தைப் பருத்தவரின் மனவருத்தம் பற்றிய சங்கதியாக மட்டும் கருதி ஒதுக்கிவிட முடியாது. இது நோய் நிர்ணயத்தையே இரு புறமும் வழிதவறச் செய்யும் பிழை.

7. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம், வைத்தியர் எடையைப் பற்றி வாய் திறவாமல் இருந்தால் அதுவே துரோகம் என்பது. இது முற்றிலும் சரி. மௌனத்தை இக்கட்டுரை பரிந்துரைக்கவில்லை. வந்த நோயை விசாரித்து முடித்த பின், "எடையைப் பத்தியும் கொஞ்சம் பேசலாமா?" என்று அனுமதி கேட்டுத் தொடங்குவது, எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்வதிலிருந்து வேறானது.

இரண்டாவது, வெட்கப்பட்டால்தான் மனிதன் திருந்துவான் என்பது. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த சூட்டின், டெரசியானோ இருவரும் 2013-இல் இதற்கு நேர்மாறான முடிவை வெளியிட்டனர்: தொடக்கத்தில் பருமனின்றி இருந்தவர்களுள், எடைக்காக இழிவாக நடத்தப்பட்டோர் பருமன் அடையும் வாய்ப்பு, அவ்வாறு நடத்தப்படாதவருடையதைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. மெல்போர்னில் சுமித்ரனும் சகாக்களும் 2011-இல் காட்டியதோ உடலின் பக்கத்து நியாயம்: கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைந்தவர்களின் பசியைத் தூண்டும் சுரப்புகள் ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இழந்த எடையை மீட்டுக்கொள்ள உடல் செய்யும் இந்த முயற்சிக்கு எதிரில், வெட்கம் எவ்வளவு தூரம் துணை நிற்கும்?

மூன்றாவது, இது மேனாட்டார் கிளப்பிய கூச்சல், நம்மவர் இதையெல்லாம் பாராட்டுவதில்லை என்பது. பெஞ்சில் மாமியும் சேர்ந்து சிரித்தது இதற்குச் சான்றாகக் காட்டப்படும். சபையில் சிரிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருந்ததா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அவர் புண்படவேயில்லை என்று வைத்துக்கொண்டாலும், சோதிக்கப்படாத இரத்த சோகை அதனால் குணமாகிவிடுவதில்லை.

நான்காவது எதிர்வாதமே கனமானது. பருமன் ஒரு நோய், நோயாளிமேல் பழியில்லை என்ற பிரசாரத்தால் லாபமடைவோர் யார் என்று சந்தேகிப்போர் உண்டு. சந்தேகம் நியாயமானது. பருமனுடையோருக்கும் வைத்தியருக்கும் இடையே உள்ள மனப்பான்மைகளைப் பல நாடுகளில் ஆராய்ந்து 2019-இல் வெளியான 'ஆக்‌ஷன்' ஆய்வுக்குப் பொருளுதவி செய்தது நோவோ நோர்டிஸ்க் நிறுவனம். எடை குறைக்கும் ஊசியான வெகோவியை 2025 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதே நிறுவனம். அதற்கு மூன்று மாதம் முன்பே எலை லில்லியின் மவுஞ்சாரோ வந்துவிட்டது. நிந்தையிலிருந்து மீட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, விசாரணையின்றி ஊசியை எழுதும் வைத்தியம் தோன்றுமானால், அதுவும் கண்ணளவு வைத்தியமே. உபதேசம் இருந்த இடத்தில் ஊசி வந்தது என்பதைத் தவிர வேறு மாற்றமில்லை. பல நாட்டு நிபுணர் குழு ஒன்று 2025 ஜனவரியில் 'லான்செட்' குழும இதழில், உடல் நிறை குறியீட்டை மட்டும் வைத்து நோயை நிர்ணயிக்கலாகாது, உறுப்புகள் பாதிக்கப்பட்டுள்ளனவா என்று தேடவேண்டும் என்று வரையறுத்தது, இவ்விரு வகை அவசரங்களுக்கும் ஒருங்கே மறுப்பாக அமைகிறது.

8. சென்னையே தரும் விடை

நிந்தையை விட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், நோயின் வாசலில் நின்ற 531 பேர் சேர்க்கப்பட்டனர். மூன்றாண்டு முடிவில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் சீர்படுத்திக்கொள்ளத் தொடர்ந்து துணை செய்யப்பட்டவர்களில் 39.3 சதவீதத்தினருக்கே வந்தது. அப்பயன் பெற்றவர்களுடைய எடையில் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படவில்லை என்பதே இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி. தராசின் முள் அசையாமலிருந்தபோதே நோய் பின்வாங்கியது. எடை குறையாத நோயாளியைச் சொல் கேளாதவர் என்று தீர்மானிக்கும் வைத்தியர், இக்கணக்கின்படி, பயன் பெற்றுக்கொண்டிருந்த ஒருவரையே குற்றவாளியாக்கியிருப்பார்.

டாக்டர் வி. மோகனின் சென்னை ஆராய்ச்சி நிலையத்தில் மிகை எடையுள்ள 578 பேரிடம் நடத்தப்பெற்று 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு, வாரந்தோறும் கூடிப் பேசும் வகுப்புகளாலும், தேவைப்பட்டவர்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையாலும், சர்க்கரை நோய் வரும் அபாயத்தை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தது. இவ்விரு ஆய்வுகளிலும் மருந்தாக வேலை செய்தது தொடர்ச்சியான துணை. ஒரு வரி உபதேசம் எவ்வளவு அழுத்திச் சொல்லப்பட்டாலும், துணையாக எண்ணப்படத் தக்கதன்று.

இதிலிருந்து கிளினிக்குக்கு உரிய கடமைகள் தெளிவாகின்றன. எடை மிஷினைத் திரைக்குப் பின்னால் நகர்த்துவது, பெரிய பட்டை ஒன்று வாங்குவது, பருத்தவர் மெலிந்தவர் என்ற பேதமின்றி இடுப்பைத் தையல்காரரின் நாடாவால் அளப்பது, எடை கூட்டும் மருந்து சீட்டில் உண்டா என்று பார்ப்பது, வந்த நோயை முதலில் விசாரிப்பது: இவற்றுள் எதற்கும் இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட காலமோ, தாங்க முடியாத செலவோ தேவையில்லை. மருத்துவக் கல்லூரிகளில் 2019 முதல் மனப்பான்மை, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கென்று தனிப் பாடப்பகுதி வகுக்கப்பட்டிருக்கிறது. அதில் நோயாளியிடம் இன்சொல் பேசும் பயிற்சி மட்டும் தரப்பட்டால் பயன் அரைகுறையாகவே முடியும். உடலைக் கண்ட மாத்திரத்தில் தம் மனத்தில் எழும் தீர்ப்பை மாணவர் தாமே கவனித்து, அதைச் சோதனையால் சரிபார்க்கும் வரையில் ஒத்திவைக்கப் பழகவேண்டும்.

குடும்ப வைத்தியருக்கும் குடும்பத்துக்கும் இடையே மூன்று தலைமுறையாக இருந்துவரும் பாத்தியதையை இந்தச் சீர்திருத்தம் அழித்துவிடுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. பாட்டனாருக்கு எந்த வயதில் சர்க்கரை கண்டது, தாயார் எப்போது பருத்தார், பெண்ணின் எடை எந்த மருந்துக்குப் பிறகு ஏறியது என்பவையெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி நிபுணருக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். பீஜ சுபாவத்தை அறியக் கிடைத்திருக்கும் அந்த அரிய ஞானத்தை நோய் நிர்ணயத்துக்கு உபயோகிக்காமல், வேடிக்கை பேசுவதற்கு மட்டும் உபயோகித்து வருவதே இன்றைய குறை. எடையைக் குறைக்கச் சொல்லும் வரி சீட்டில் இருக்கட்டும். சோதனையின் முடிவுகளுக்குக் கீழே, அவற்றிலிருந்து பெறப்பட்டதாக இருக்கட்டும்.